மாப்ள, லாட்ஜ் திறப்புவிழாவுக்கு நான் வரலை

மாப்ள,

மொத்தமாப் பணத்தைக் குடுத்துட்டு மாச வாடகை இல்லாம நாங்க ஒத்திக்கு இருந்த உன் வீட்டை இடிச்சு, அங்க நீ கட்டுன லாட்ஜுக்குப் பத்திரிகை வந்துச்சு. நான் வரலை. போன்ல சொன்னா நீ பேச்சை மாத்திருவ, அதான் இங்க எழுதுறேன். நம்ம தெருப் பயலுக அம்புட்டுப் பேரும் இதை வாசிப்பாய்ங்கன்னு தெரியும். அதனால உங்க பங்காளி விவகாரம் எதையும் நான் தொடலை.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாம இல்ல. மதுரை மீனாட்சி கோயிலைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டருக்கு மேல கட்டடம் எழும்பக் கூடாது. மாடி மேல மாடி ஏத்திக் குடித்தனம் விட வழியில்ல. அந்த உயரத்துக்குள்ள காசு பாக்கணும்னா லாட்ஜு, இல்லாட்டி ஜவுளி குடோன். எங்க ஒத்திப் பணத்துக்கு வர்ற வட்டியில ஓடு மாத்தக்கூடக் காணாது. உன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணிருப்பேன். பண்ணிருப்பேனா, தெரியல.

ஆனா அந்த ஆட்டுக்கல்லு மாப்ள.

அடுப்படி மூலையில பாதி புதைஞ்சு கெடந்துச்சே, அது. அம்மா மாவு யாவாரம் ஆரம்பிச்சது அதுலதான், கிரைண்டரெல்லாம் பின்னாடி வந்தது. காலி பண்ற அன்னைக்கு, "தம்பி, இதை எடுத்துக்கிறட்டுமா"ன்னு கேட்டுச்சு. "எடுத்துக்கங்கத்தே, யாருக்கு வேணும்"னு சொன்ன. செல்லுல இருந்து தலையைத் தூக்கலை. நான் கடப்பாரையை விட்டு நெம்புனேன். கல்லோட சுத்தி ஒரு சாண் தரையும் பேந்து வந்துருச்சு. பள்ளத்துக்குள்ள ஈரம், புளிச்ச மாவு வாடை. உடனே புரோக்கரு, "தரைக்கு ரெண்டாயிரம் புடிச்சுக்கிருவோம்"னான். மறுவாரம் இடிக்கப்போற வீட்டுத் தரைக்கு! நீ வாயைத் திறக்கலை. அம்மாதான் திரும்பி வந்த ஒத்திப் பணத்தை எண்ணிக்கிட்டே, "புடிச்சுக்கங்க"ன்னுச்சு.

ராத்திரி உங்க வீட்டுல சண்டைன்னா எங்க வீட்டுத் தட்டுலதான் நீ சாப்பிடுவ. சொல்லிக் காட்டல. சரி, சொல்லித்தான் காட்டுறேன்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதியணும்னு 2017-ல சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. நம்ம வளவுல எவன் பதிஞ்சான்? ஒரு முத்திரைத்தாள்ல உங்கப்பா கையெழுத்து, எங்கப்பா கையெழுத்து. உங்கப்பா இருந்தவரைக்கும் அது போதும்னுதான் இருந்துச்சு. மனுசன் ஒரு தடவைகூட ஒத்தியைக் கூட்டிக் கேட்டதில்ல.

எதுத்த வீட்டு சௌராஷ்டிராக் குடும்பம் வில்லாபுரம் போனப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அந்த வீட்டுல வடக்க இருந்து வந்த பயலுகளுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு விட்ட. அவய்ங்க மேல எனக்குக் கோவமில்ல. நம்ம ஆளுக துபாய்ல இப்படித்தான் அடைஞ்சு கெடக்குறாய்ங்க. ஆனா ஒரே ரூம்ல ஆறு பேரு ஆளுக்கொரு பங்கு குடுத்தா, ஒத்தச் சம்பளக் குடும்பம் அதுக்கு ஈடு குடுத்து எப்படி இருக்கும்?

இப்ப நாங்க அவனியாபுரத்துல, வெள்ளக்கல் பக்கம். வாடகை ஏன் கம்மின்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, காத்து திரும்புனா குப்பைக்கிடங்கு வீட்டுக்குள்ளயே வந்துரும். 2011-ல மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 ஆனப்ப இதுவும் ஊரோட சேந்துருச்சு, அதனால காகிதத்துல நாங்களும் மதுரைதான். அம்மாவுக்கு யாவாரம் படுத்துருச்சு. அங்க ராத்திரிக் கடைக்காரங்க, ரூம் எடுத்துத் தங்குற பயலுகன்னு தூக்குவாளியோட வாசல்ல நிப்பாய்ங்க. இங்க வீட்டுக்கு வீடு கிரைண்டர். ஆட்டுக்கல்லு வாசல்ல சும்மா கெடக்கு. வீட்டுக்காரம்மா அதையும் எடுக்கச் சொல்லுது.

விழாவுக்கு அம்மா வந்தாலும் வரும். நான் தடுக்கலை. வந்தா ரூமெல்லாம் பாக்கணும்னு நிக்கும், ஆளை விடாம நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு. காபி குடு, சீனி கம்மியா. அந்த ரெண்டாயிரத்தை மட்டும் அது கையில குடுக்காத, வாங்காது. எங்கிட்டக் குடு, நான் வாங்கிக்கிருவேன்.

அப்புறம், ரேஷன் கார்டும் ஓட்டும் இன்னும் உன் கதவு நம்பர்லதான் இருக்கு. மாத்தச் சொல்லி நீ அனுப்புன மெசேஜைப் பாத்தேன். இப்போதைக்கு மாத்துறதா இல்ல.