மற்ற ஸ்பிறிங்கைத் தொடாதே, பிள்ளை

கொழும்புத்துறை
யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ எடுத்தபோது நான் விளக்கு வைக்கப் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்கு விடிய ஆறரை, எங்களுக்குப் பின்னேரம் ஐந்து. "அம்மா, கராஜுக்குள் வெடிச்சத்தம் கேட்டது" என்று நீ சொன்னதும் எனக்கு நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடியது. இந்த ஊரில் இருந்து எல்லாம் பார்த்த ஆட்களுக்கு அந்தச் சொல் அப்படி. பிறகுதான் போனைத் திருப்பிக் காட்டினாய். கதவுக்கு மேலே குறுக்கே ஓடுகிற குழாயில் இரண்டு ஸ்பிறிங். இடப்பக்கத்தது நடுவில் அறுந்து இரண்டு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. வலப்பக்கத்தது முழுசாக இருந்தது.

ஆள் பிடித்தால் காசு கூட, வீடியோ பார்த்துவிட்டேன், சனிக்கிழமை நானே மாற்றப் போகிறேன் என்றாய். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற நேரம், நானும் மறித்துக் கதைக்கவில்லை. ஆனால் இரவு நித்திரை இல்லை. போனில் சொன்னால் பாதி சொல்வேன், பாதி விடுவேன். அதனால் விடிய எழும்பித் தாளில் எழுதுகிறேன், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இதை வாசித்து முடிக்குமட்டும் ஏணியை எடுக்காதே.

நீ பெட்டை, உனக்கு ஏலாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் கை உனக்குத்தான் வந்தது. 96 இல் இடப்பெயர்வு முடிந்து கொடிகாமத்திலிருந்து திரும்பி வந்தபோது ரவுணில் பாதிக் கடைகளின் சட்டர் திறக்காமல் கிடந்தது. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததில் ஸ்பிறிங் எல்லாம் கறள் பிடித்து இறுகிப் போயிருந்தது. அப்பாவுக்கு ஓயாத வேலை. கரண்ட் இல்லாத அந்த நாளில், பூட்டின கடைக்குள் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எந்த ஸ்பனரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் கை நீட்ட முன்னமே உனக்குத் தெரியும் என்று வந்து பெருமையாகச் சொல்வார். அதனால்தான் எனக்குப் பயம். கை வராத ஆள் என்றால் பாதியில் விட்டுவிடும். நீ விடமாட்டாய்.

உனக்கு ஒரு விசயம் சொல்லாமல் இத்தனை வருசம் வைத்திருந்தேன். அப்பாவின் வலக்கை மணிக்கட்டு கோணலாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஏணியால் விழுந்து உடைந்தது என்றுதான் உங்களுக்குச் சொன்னோம். அவர் விழவில்லை. அது ஸ்பிறிங் அடித்த அடி.

98 ஆம் ஆண்டு. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், நான்தான் சாப்பாடு கொண்டு போனேன். ஒரு கடைச் சட்டருக்குப் புது ஸ்பிறிங் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். நடுக் குழாயில் பெரிய பைப் றெஞ்சைக் கொளுவி, அதன் பிடிக்கு ஒரு நீளக் குழாயைச் செருகி, தோளால் இழுத்து முறுக்குவார். ஒரு சுற்று வந்ததும் பக்கத்தில் இருக்கிற கிளாம்பை இறுக்கிக் குழாயைப் பிடித்துவைக்க வேண்டும். அன்றைக்குக் கிளாம்பின் மரை தேய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு நிமிரவும் "டங்" என்று ஒரு சத்தம். றெஞ்ச் அவர் கையிலிருந்து பறந்து மணிக்கட்டில் அடித்து, மேல் நிலையில் பட்டு, நான் நின்ற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. சீமெந்து நிலம் பிளந்துபோனது. அவர் சத்தமே போடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு குந்தினார். முகம் வெளிறிப் போய் என்னைப் பார்த்து, "பிள்ளைக்குச் சொல்லாதையும். பேந்து லாம்பு பிடிக்க வரமாட்டாள்" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ஆறு கிழமை வீட்டில் இருந்தார். அவர் போகுமட்டும் அந்தக் கையால் தேங்காய் துருவ முடியவில்லை. இருபது வருசம் செய்த வேலை, ஆயிரம் தரம் முறுக்கின கை. ஒருதரம்தான் வழுக்கியது.

அவர் எனக்கும் வேலை பழக வந்த பெடியளுக்கும் சொல்லிச் சொல்லி வைத்தது இதுதான்: அறுந்த ஸ்பிறிங் செத்த பாம்பு, அது ஒன்றும் செய்யாது, அறாமல் முறுக்கி நிற்கிறதைப் பார். உன்னுடைய கதவில் இப்போது நிற்கிறது அதுதான். இடப்பக்கம் செத்துவிட்டது, வலப்பக்கம் முழு முறுக்கோடு இருக்கிறது. கதவு பூட்டியிருக்கும்போதுதான் முறுக்கு ஆகக் கூட. நீ சனிக்கிழமை ஏணி வைத்து ஏறினால் உன் முகம் அதற்கு நேரே இருக்கும்.

ஸ்பிறிங்கின் நுனியில் ஒரு அலுமினியத் தலை காட்டினாய் அல்லவா, நாலு ஓட்டையும் இரண்டு போல்ட்டும் இருக்கிறது என்று. அந்த போல்ட்டைத் தளர்த்துகிற நொடியில் முழு முறுக்கும் அந்த ஓட்டையில் செருகி நீ பிடித்திருக்கிற கம்பிக்கு வரும். நீ கதையோடு கதையாக "இரண்டு பெரிய ஸ்குறூ டிறைவர் இருக்கிறது, சமாளிப்பேன்" என்றாய். நான் நித்திரை இல்லாமல் கிடந்தது அந்த ஒரு வசனத்தாலேதான். அந்த ஓட்டைக்கு அளவான இரும்புக் கம்பி என்றே விற்கிறார்கள். ஸ்குறூ டிறைவர் ஓட்டைக்குள் சரியாக உட்காராது. பாதியில் நழுவும், இல்லாவிட்டால் வளையும். அப்புறம் அது தலையில் படுமோ கண்ணில் படுமோ, யார் சொல்வது?

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழடி உயரக் கதவுக்கு ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னதாகச் சொன்னாய். நாலு ஓட்டை என்றால் ஒரு தரத்துக்குக் கால் சுற்று. அப்படியென்றால் முப்பது தரம், ஒரு ஸ்பிறிங்குக்கு மட்டும். ஒரு கம்பியால் பிடித்துக்கொண்டு மற்றக் கம்பியைச் செருகி, முதல் கம்பியை எடுத்து, திரும்பவும். போகப் போகப் பாரம் கூடும், கை களைக்கும். கடைசி ஐந்தாறு தரம்தான் ஆகப் பொல்லாதது. இரண்டு ஸ்பிறிங்குக்கு அறுபது தரம். அதைத் தினமும் செய்கிறவன் செய்யட்டும் பிள்ளை.

ஏன் இப்ப அறுந்தது என்று கேட்டாய். குளிர் என்று மருமகன் சொன்னாராம். குளிர் கடைசித் தள்ளுத் தள்ளியிருக்கும். ஆனால் இரும்பு ஏற்கெனவே களைத்துப் போயிருந்தது. வீடு கட்டுகிறவர்கள் வழமையாகப் போட்டுத் தருகிற ஸ்பிறிங் 10,000 தரம் ஏறி இறங்கத்தான் கணக்கு. நான் அங்கே வந்து ஆறு மாதம் நின்றபோது பார்த்தேன், முன்கதவை நீங்கள் திறக்கிறதே இல்லை. வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, குப்பை வைக்க, எல்லாம் கராஜ் கதவால்தான். ஒரு நாளைக்கு நாலு தரம் என்று வைத்தால் 2,500 நாள், ஏழு வருசத்துக்குக் கொஞ்சம் குறைய. நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனதும் வாற ஆவணியோடு ஏழு வருசம். அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

அதே கணக்கில் மற்றதும் அதே வயசு. வருகிறவர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றால் விடாதே, இரண்டையும் மாற்றச் சொல். 20,000 தரத்துக்குக் கணக்குப் பண்ணின ஸ்பிறிங்கும் இருக்கிறது, கேட்டுப் பார். விலையில் கொஞ்சம் கூடும், ஆனால் மாரி காலத்தில் இன்னொருதரம் கார் உள்ளே அடைபடாது. கதவின் நிறைக்குப் பொருத்தமான ஸ்பிறிங்தானா என்றும் கேள். வேலை முடிந்ததும் காசு கொடுக்க முன்னம் மோட்டரிலிருந்து கதவைக் கழற்றி, இடுப்பளவுக்குக் கையால் தூக்கி விட்டுக் காட்டச் சொல். ஏறாமல் இறங்காமல் அந்த இடத்திலேயே நின்றால் முறுக்குச் சரி. அப்பா கடைச் சட்டருக்கும் இப்படித்தான் பார்ப்பார். ஒற்றை விரலால் தூக்கி, விரலை எடுத்துவிட்டுக் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார்.

ஆள் வருமட்டும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மோட்டரின் பட்டனை ஒருவரும் அமத்தக் கூடாது, பிளக்கைக் கழற்றிவிடு. கதவைத் தூக்குவது மோட்டர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்குவது ஸ்பிறிங், மோட்டர் இழுத்துக்கொடுக்க மட்டும். உங்களுடையது இரண்டு கார் அகலம், 150, 200 இறாத்தல் வரும். இரண்டு மூட்டைச் சீமெந்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்பிறிங் இல்லாமல் இழுத்தால் மோட்டரின் பல்லுச் சில்லு தேய்ந்து அதற்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டிவரும். மோட்டரைக் கழற்றுகிற சிவப்புக் கயிறு தொங்குகிறது அல்லவா, கதவு நிலத்தில் இருக்கும்போது மட்டும்தான் அதை இழுக்கலாம். மேலே நிற்கும்போது இழுத்தால் கதவு முழுப் பாரத்தோடு விழும். சின்னவனுக்கு அந்தக் கயிற்றில் தொங்குகிற பழக்கம் இருக்கிறது, அவனைக் கராஜுக்குள் விடாதே.

கார் கட்டாயம் வேண்டுமென்றால் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் ஒருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் தூக்கட்டும். பலகைகள் மடிகிற இடைவெளிக்குள் விரல் வைக்க வேண்டாம், அடியைப் பிடித்துத் தூக்கச் சொல். தூக்கினதும் இரண்டு பக்கமும் தடி முட்டுக்கொடுத்து, சில்லுக்குக் கீழே தண்டவாளத்தில் ஒரு பூட்டுக் குறட்டை இறுக்கிவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும். பிறகு மெல்ல இறக்கிவிடு. என்னைக் கேட்டால் தூக்கவே வேண்டாம், இரண்டு நாள் பஸ்ஸில் போங்கள். கதவின் அடியில் இரண்டு மூலையிலும் கேபிள் மாட்டியிருக்கிற தகடு இருக்கிறது, அதன் ஆணியிலும் கை வைக்காதே. மற்ற ஸ்பிறிங்கின் இழுவை அந்தக் கேபிளில்தான் நிற்கிறது.

சம்பந்தியம்மாவின் பழைய வீட்டிலும் ஒருக்கால் போய்ப் பார். அங்கே ஸ்பிறிங் கதவுக்கு மேலே இல்லை, இரண்டு பக்கமும் தண்டவாளத்தோடு நீட்டுக்கு இழுபட்டு நிற்கிறது. அதற்குள்ளால் ஒரு மெல்லிய கேபிள் ஓடி இரண்டு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அறுகிற அன்றைக்கு ஸ்பிறிங் கராஜுக்குள் பறக்கும். நான் வந்தபோது பார்த்ததாக நினைவில்லை. அவ அந்த இடத்தில்தான் உடுப்புக் காயப் போடுகிறவ. இதை மறக்காமல் மருமகனுக்குச் சொல்.

இங்கே நம்முடைய போர்ட்டிக்கோச் சட்டரும் போன ஐப்பசியில் போனது. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் காசு அனுப்பி நிற்பாய். கடற்காற்று, இங்கே ஒரு ஸ்பிறிங்கும் கனகாலம் நிற்காது. இரண்டு நாளாகத் தூக்க வலித்தது, மூன்றாம் நாள் பாதியில் நின்றுவிட்டது. நான் தொடவே இல்லை. அப்பாவிடம் வேலை பழகின பெடியனைக் கூப்பிட்டேன். பெடியன் என்கிறேன், அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பெட்டியைத் திறந்தபோது ஸ்பிறிங் பட்டை கறுப்பாகவும் சிவப்பாகவும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அறுந்த இடம் மட்டும் புதுச் சில்லறை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. அவன் முறுக்க முன்னம் கிளாம்பின் நட்டைக் கழற்றி மரையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்ரி, நீங்கள் விறாந்தைக்குப் போங்கோ" என்றான். நான் போய் நின்றுகொண்டேன். அந்த நாளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அவன்தான்.

புது ஸ்பிறிங் போட்ட பிறகு உனக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஸ்பிறிங்கில் சிலிக்கோன் ஸ்பிறே அடி, சில்லுக்கும் பிணைச்சலுக்கும் அடி. தண்டவாளத்துக்குள் அடிக்காதே, தூசி பிடிக்கும், துணியால் துடைத்துவிட்டால் காணும். இடுப்பளவுச் சோதனையையும் அப்போதே செய். கதவு கீழே வழுக்கத் தொடங்கினால் ஸ்பிறிங் தளர்கிறது என்று அர்த்தம், அறுகிறதுக்கு முன்னமே ஆளைக் கூப்பிடலாம். இதெல்லாம் நீ மருமகனை விட வடிவாகச் செய்வாய்.

அப்பாவின் பைப் றெஞ்ச் இன்னும் சாமியறை அலுமாரிக்குக் கீழே எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. அதைத் தா என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறாய், நான் ஏதோ சாட்டுச் சொல்லி வைத்துக்கொண்டேன். ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. பிடியில் ஒரு இடம் சப்பளிந்திருக்கும், அது அன்றைக்கு நிலத்தில் விழுந்த இடம்.

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அடுத்த கிழமை வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை வேலைக்காரர் வந்து முடித்ததும் எனக்கு வீடியோவில் எடு, கதவு இடுப்பளவில் நிற்கிறதை நான் பார்க்க வேண்டும். இங்கே நடுச்சாமம் ஆனாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அன்புடன்
அம்மா