ரேஷன் அட்டையில் இரண்டு பெயர்

ஆசிரியருக்கு,

ஒரே பாலின இணையர்களுக்குப் பெருநகரம்தான் புகலிடம் என்கிற பேச்சை அடிக்கடி படிக்கிறேன். என் அனுபவம் வேறு. சென்னையில் நாங்கள் இரண்டு பெண்களும் ஆறு வருடத்தில் நான்கு வீடு மாறினோம். இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கரில் முருங்கையும் கத்தரியும் போட்டிருக்கிறோம்.

வந்த புதிதில் "அக்கா தங்கச்சியா?" என்று கேட்காத ஆளில்லை. பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, முருங்கைக்குத் தண்ணி அதிகமா விடாதே, பூ கொட்டிரும்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் அப்படியில்லை, பால் சொசைட்டியில் சிலர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் என் இணைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று நாள் எங்கள் மாட்டுக்குத் தீவனம் வைத்தவர் அவர்களில் ஒருவர்தான்.

ஊரோடு ஒத்துப்போய்விட்டது, காகிதத்தோடுதான் மல்லுக்கட்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எங்களைப் போன்றவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. அப்புறம் 2024-ல் மத்திய அரசு, ரேஷன் அட்டைக்கு இத்தகைய இணையர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அலுவலகத்தில் கேட்டால், "அப்படி எதுவும் வரலையேம்மா" என்கிறார்கள். இரண்டு முறை அலைந்தாகிவிட்டது. அந்த அறிவிப்பை உங்கள் நாளிதழில் தமிழில் முழுசாக வெளியிடுங்கள். கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போகிறேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்