முடிவைச் சொல்லாமல் காத்தவர்களுக்கு

கிருஷ்ணகிரி

அன்புடையீர், வணக்கம்.

துப்பறியும் நாவல்களைப் படித்துப் பேசும் எங்கள் சிறு வட்டம், வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ நாவலைச் சென்ற ஞாயிறு மாலை ஒருவழியாக முடித்தது. கதையில் காணாமல் போகும் வைரத்தை எடுத்தது யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி வாய்விட்டு நன்றி சொல்லலாம்.

1868-இல் டிக்கென்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்த கதை இது. நாமும் வாரம் ஒரு பகுதியாகத்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். சுமையைத் தூக்கியவர்கள் மற்றவர்கள். முதலில், காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா. ஆங்கிலம் ஓடாதவர்களுக்காக ஒவ்வொரு பகுதியையும் சுருக்கித் தமிழில் எழுதித் தந்தார். பக்தித் துண்டறிக்கைகளைச் சோபா மெத்தைக்கு அடியிலும் பூந்தொட்டியிலும் செருகிவிட்டுப் போகும் மிஸ் கிளாக்கின் பகுதியை மட்டும் சுருக்க மனம் வராமல் முழுதாகவே எழுதிவிட்டார். நாவலில் அதுதான் சிறந்த இடம் என்பது என் கட்சி. துப்பறிவாளர் கஃப்பின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

அந்தக் கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்து, வாராவாரம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவர் பேருந்து நிலையத்துக்கு அருகே கடை வைத்திருக்கும் அக்கா. மொத்தத்தையும் முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டதால், அம்மாவுக்கு அடுத்தபடி முடிவு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் விஷயத்தைக் கறக்க எங்கள் ஆட்கள் செய்யாத தந்திரம் இல்லை. ஒருவர் செந்தூரா மாம்பழக் கூடையோடு போய் நின்றார். பழத்தை வாங்கிக்கொண்டார், பெயரைச் சொல்லவில்லை. அக்கா, உங்கள் நெஞ்சழுத்தத்துக்கு ஒரு கும்பிடு.

கதை 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் தொடங்குகிறது. அந்தப் போருக்குக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை நம் ராயக்கோட்டை வழியாகத்தான் போனது என்று ஆரம்பித்த பெரியவர், 1792 உடன்படிக்கையில் பாராமகால், அதாவது நம் வட்டாரம், திப்புவிடமிருந்து கும்பினிக்குக் கைமாறிய கதைக்குப் போய்விட்டார். அன்று மாலை வைரம் திருடு போகவே நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஐயா, அதன் பிறகு அந்தக் கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நன்றி.

ஓசூர்ப் பக்கம் ரோஜா பயிரிடும் தம்பதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைரத்தைத் தேட வந்த கஃப், வெள்ளை ரோஜா வகை ஒன்றைக் காட்டு ரோஜாவில் ஒட்டுக் கட்ட வேண்டுமா என்று தோட்டக்காரருடன் வாக்குவாதத்தில் இறங்குவார். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுவாரம் அந்த அம்மாள் காட்டு ரோஜாத் தண்டும் பிளேடுமாக வந்தார். பட்டையில் மட்டும் ஆழமில்லாமல் ஒரு கீறல், அதன் தலையில் குறுக்கே இன்னொன்று. கத்தி முனையால் பட்டையை மெல்ல நெம்பி, நல்ல ரகத்திலிருந்து எடுத்த மொட்டை உள்ளே இறக்கி, மொட்டின் முனை மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் சுற்றிவிட்டார். “துப்பறிவாளர் சொல்வது சரியா?” என்று கேட்டோம். “ரகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்” என்றார் அவருடைய கணவர். கஃப்பே தோற்றார்!

இடம் தந்து, நேரம் கடந்தும் விளக்கை அணைக்காத நூலகருக்கும், எங்கள் முகத்தைப் பார்த்ததும் விசிலைத் தள்ளிப்போட்ட கடைசி டவுன் பஸ் நடத்துநருக்கும் நன்றி.

அடுத்து, 1908-இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல் ‘ராஜாம்பாள்’. கிடைத்த பழைய பிரதியின் எழுத்து பலருக்குக் கண்ணுக்கு எட்டவில்லை. மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும். அக்கா சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: கடைசி அத்தியாயத்தை அடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தட்டச்சு தெரிந்தவர், வாய் திறக்காதவர் யாரேனும் இருந்தால் ஞாயிறு மாலை நூலகத்துக்கு வரவும்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில்