வெங்காய வேரில் சென்ட்ரியோல் ஏது?

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ் (ஒரு செல் ஒரேமாதிரியான இரண்டாகப் பிரிவது) பார்க்கும் செய்முறை வந்திருந்தது. குறிப்பு பெரும்பாலும் சரி, படம்தான் தவறு. இரு முனைகளிலும் சென்ட்ரியோல் (விலங்கு செல் பிரியும்போது முனைகளில் நிற்கும் நுண்ணுறுப்பு), அதைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள், நடுவில் இடுங்கிப் பிரியும் செல்: இது விலங்கு செல். வெங்காயத்தில் சென்ட்ரியோல் கிடையாது. செல் இடுங்குவதும் இல்லை. நடுவில் செல்தட்டு (புதிய செல்சுவரின் தொடக்கம்) தோன்றி ஓரம் நோக்கி வளர்கிறது. மாணவர்கள் இந்தப் படத்தை அப்படியே ரெக்கார்டு நோட்டில் வரைவார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஸ்லைடில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

தெரியாததற்கு முதல் காரணம், வெட்டும் இடம். பிரியும் செல்கள் வேர்மூடியை ஒட்டி, நுனியின் 2 மில்லிமீட்டருக்குள்தான் நெருக்கமாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் துண்டை நசுக்கினால் கிடைப்பதெல்லாம் நீண்டு வளர்ந்த செல்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் வேரை வெட்டி, 3 பங்கு எத்தனாலும் 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் 24 மணி நேரம் போட வேண்டும். கலவை அன்று தயாரித்ததாக இருக்கட்டும். பழையதில் எஸ்டர் உருவாகி வீரியம் குறைந்துவிடும்.

பிறகு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, அசிட்டோகார்மைன் (குரோமோசோம்களைச் சிவப்பாக்கும் சாயம்) இரண்டு மூன்று சொட்டு. அமிலத்தைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இளக்குவது அதுதான். இல்லாவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நிற்கும். ஸ்பிரிட் விளக்கில் இலேசாகச் சூடுகாட்டி (கொதிக்கக் கூடாது) ஐந்து பத்து நிமிடம் வைத்து, நன்றாகச் சிவந்த நுனியை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை எறிந்துவிடலாம். கவர்ஸ்லிப் போட்டு, மேலே வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராகக் கீழே அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும்.

நன்றாக வந்த ஸ்லைடிலும் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில்தான் (இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட நிலை) இருக்கும். அதை ‘ஓய்வு நிலை’ என்று உங்கள் குறிப்பும் சொல்கிறது. டிஎன்ஏ இரட்டிப்பாவதே அப்போதுதான்; ஓய்வு எங்கே? 200 செல்களை எண்ணி ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை என்று எழுதச் சொன்னால், எந்த நிலைக்கு அதிக நேரம் ஆகிறது என்பதை மாணவரே கண்டுபிடிப்பார். அனாஃபேஸில் (குரோமோசோம்கள் பிரிந்து நகரும் நிலை) ஒவ்வொரு முனைக்கும் 16 குரோமோசோம்கள் போகின்றன. படம் வரைபவர் எண்ணிக்கையைச் சுருக்கினால் அதையும் கீழே குறிப்பிடட்டும்.

அடுத்த இதழில் தாவர செல் படத்தை வெளியிடுங்கள். ரெக்கார்டு நோட்டுகள் திருத்தத்துக்கு வருமுன் வந்தால் நல்லது.

தாவரவியல் ஆசிரியர்,
மதுரை