சீல் கிட் கேட்டால் காலிப்பரையே மாற்றச் சொல்வது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
மோட்டார் சைக்கிள் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: முன் டிஸ்க் பிரேக் காலிப்பர் ஜாம் ஆனது, சர்வீஸில் அதைக் கவனிக்காதது, சீல் கிட் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் 150 சிசி வண்டியை வேலூரில் உள்ள உங்கள் ஷோரூமில் வாங்கினேன். வாரன்டி முடிந்த பிறகும் வெளியே எங்கும் விடாமல் உங்கள் சர்வீஸ் சென்டரிலேயே பார்த்து வந்தேன். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் ‘முன் பிரேக் சுத்தம் செய்யப்பட்டது, ஓகே’ என்று டிக் போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனியாகக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை நடக்கவே இல்லை என்பதற்குச் சாட்சி, பேடுகளை அமுக்கி டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளேயே இருந்தது.

எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து ஆற்காடு பாலம் தாண்டி பெங்களூரு சாலையில் வந்துகொண்டிருந்தேன். மேல்விஷாரம் தாண்டியதிலிருந்தே வண்டி இழுக்கவில்லை. ரத்தினகிரி பக்கம் ஓரங்கட்டிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை, டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு. நியூட்ரலில் போட்டுத் தள்ளினாலும் நகரவில்லை. லிவரை விட்டும் பிரேக் விடவில்லை. லாரியும் கன்டெய்னரும் விடாமல் போகிற சாலை அது. ஓடும்போதே முன் சக்கரம் முழுதாகப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை டெம்போவில் ஏற்றி சர்வீஸ் சென்டரில் இறக்கினேன். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், “காலிப்பர் செட், மாஸ்டர் சிலிண்டர் ரெண்டும் மாத்தணும் சார்” என்று 6,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் எழுதினார்கள். காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீலை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். “தனியா வராது சார், கம்பெனியிலேயே செட்டாத்தான் வரும்” என்றார் அட்வைசர். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உங்கள் பார்ட்ஸ் பட்டியலில் சீலுக்கு உண்மையிலேயே எண் இல்லை.

அப்புறம் தொரப்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது ஒரே ஒரு சோதனை. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுகிற திருகான பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். திறந்ததும் லைனில் உள்ள அழுத்தம் போய்விடும். அப்போது சக்கரம் விட்டால், லிவரை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சின்னத் துளையோ ஹோஸோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விடாவிட்டால் கோளாறு காலிப்பரில். எங்கள் வண்டியில் சக்கரம் விடவில்லை. அதாவது மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருந்தது. ஒரு ஸ்பேனரும் ஒரு நிமிடமும் இருந்தால் தெரிந்துவிடுகிற விஷயத்தைப் பார்க்காமலே, நல்ல பாகத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

காலிப்பரைக் கழற்றியதும் மற்றது தெரிந்தது. காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இரண்டில் ஒன்று துருப்பிடித்துப் பிராக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. ரப்பர் பூட் கிழிந்திருந்தது, கிரீஸ் பேருக்குக்கூட இல்லை. காலிப்பர் அப்படி நகர முடியாததால், பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கத்து பேட் இரும்பு வரை தேய்ந்திருக்க, வெளிப் பக்கத்து பேட் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பேடை வெளியே எடுத்துப் பார்த்த எவர் கண்ணுக்கும் இது தப்பாது. பிரேக் ஆயிலோ டிகாஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஒரு பில்லிலும் அது இல்லை.

பிஸ்டன் இரண்டில் ஒன்றுதான் லிவரை அமுக்கியதும் வந்தது. அதை கிளாம்ப் போட்டுப் பிடித்து, நடுவில் மரத்துண்டு வைத்து, மெதுவாக அமுக்கி அமுக்கி மற்றதை வெளியே கொண்டுவந்தார். அவசரப்பட்டு கம்ப்ரெஸர் காற்றை விட்டால் பிஸ்டன் தெறித்து விரல் போய்விடும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். சீலை எடுத்துவிட்டுப் பள்ளத்தை டார்ச் அடித்துக் காட்டினார். சீலுக்குப் பின்னால் வெள்ளையாக உப்புப் போல அலுமினியத் துரு கெட்டிப்பட்டிருந்தது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வருவதில்தான் பிஸ்டன் பின்வாங்குகிறது. பின்னாலிருந்து துரு நெருக்கினால் சீல் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான்.

உள்சுவரில் கீறல் விழக்கூடாது என்று மூங்கில் குச்சியைச் சீவித்தான் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினார். பிஸ்டன்களில் குரோம் உரியவில்லை. குழி விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டுமாம். இவை மெல்லிய எமரித் தாளில் நனைத்துத் தேய்த்ததும் பளபளத்துவிட்டன. சீல் கிட் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கிடைத்தது. நீங்கள் எழுதிய எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தினார். ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ், ஹோஸ் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர், பிறகு லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்பதால் அந்த டப்பாவை அருகிலேயே வைக்கவில்லை. இப்போது சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது.

மறு உயிர் கொடுக்கக்கூடிய பாகத்தைக் குப்பையில் போட வைப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. முழு செட் வாங்கப் பணமில்லாதவர் பிரேக் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை என்று அப்படியே ஓட்டுவார். இந்த ஊரில் தினமும் பால், கீரை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள்.

ஆகவே, சீல் கிட், பின் கிட் இரண்டையும் தனி எண் கொடுத்து எல்லா சர்வீஸ் சென்டர்களிலும் விற்க வேண்டும். பேடைக் கழற்றிப் பார்க்காமல் பிரேக்குக்கு டிக் போடக்கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு அனுப்ப வேண்டும். செய்யாத வேலைக்கு என்னிடம் வாங்கிய பிரேக் சர்வீஸ் கூலியையும், டெம்போ வாடகையையும் திருப்பித் தர வேண்டும். 30 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ஜாப் கார்டுகள், எஸ்டிமேட், பேட் படங்களின் நகல்களை இணைத்துள்ளேன். தேய்ந்த பேடுகளும் பழைய சீல்களும் துருப்பிடித்த பின்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப அலுவலர் வந்தால் காட்டத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்