பேரேடு ஒருவர் கையில், பெயர் மட்டும் பிளாக்செயின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே பதிவேட்டின் படிகளைப் பல கணினிகளில் வைத்துக் காக்கும் பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் நாட்டை முன்னணிக்குக் கொண்டுவர மத்திய அரசு மேற்கொண்டுவரும் முயற்சிகள் குறித்து, பத்திரப்பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2021 டிசம்பரில் இதற்கான தேசிய உத்தியை வெளியிட்டது. 64.76 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய பிளாக்செயின் கட்டமைப்பின் கீழ், அரசுத் துறைகள் பிளாக்செயினைப் பயன்படுத்த உதவும் ‘விஷ்வஸ்யா’ தளம் 2024 செப்டம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. புவனேஸ்வர், புணே, ஹைதராபாத் ஆகிய இடங்களில் உள்ள மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் அது இயங்குகிறது. ஊர்கள் மூன்றானாலும் வீட்டுக்காரர் ஒருவரே என்பதுதான் என் கவலை.

பதிவு அலுவலகத்தில் அசல் பத்திரம் கட்சிக்காரரிடம் போகும். நகல் எங்களிடம் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். ஒருமுறை, சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தைப் பிளேடால் சுரண்டி மாற்றிய பத்திரத்துடன் ஒருவர் வந்தார். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டியதுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. இரண்டு படிகளும் அவர் கையிலேயே இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. பிளாக்செயினின் வலிமையும் இதுவே: ஒரே பேரேட்டின் படி, ஒருவருக்கொருவர் கட்டுப்படாத பலரிடம் இருப்பதால், எவரும் ஒரு வரியைக்கூட ஓசைப்படாமல் திருத்த முடியாது. அந்தப் பலரும் ஒரே துறையினர் என்றால், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் சாதாரணத் தரவுத்தளமே போதுமே!

இதற்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோரின் பெயர்களும் செய்திகளின் மாதிரி வாசகங்களும் பகிரப்பட்ட பேரேட்டில் பதிவாகின்றன. சந்தையில் மோதிக்கொள்ளும் தொலைபேசி நிறுவனங்களே அதைச் சேர்ந்து நடத்துகின்றன. தொல்லைச் செய்திகள் இன்னும் ஒழியவில்லை என்பது வேறு விஷயம். அதேபோல் விஷ்வஸ்யாவின் கணுக்களை, அதாவது பேரேட்டின் படியை வைத்திருக்கும் கணினிகளை, பல்கலைக்கழகங்கள், பொதுத்துறை வங்கிகள், 2020-லேயே தனிக் கொள்கை வெளியிட்ட தமிழ்நாடு போன்ற மாநில அரசுகள் ஆகியோரிடமும் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு கணுவைப் பராமரித்துப் பழகும் மாணவர்கள்தான் நாளை இத்துறையில் உலகத்தோடு போட்டியிடுவார்கள். கருத்தரங்குகளும் சான்றிதழ்களும் அந்தப் பழக்கத்தைத் தரமாட்டா.

பிளாக்செயினில் இயங்கும் கிரிப்டோ நாணயங்களின் ஆதாயத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரியும், பரிமாற்றத்துக்கு 1 சதவீதப் பிடித்தமும் உள்ளன. சூதாட்டப் போக்கைத் தடுக்கும் நோக்கம் சரியே. ஆனால் யாரும் சேரக்கூடிய பொது பிளாக்செயின் சங்கிலிகளில் மென்பொருள் எழுதும் இளைஞர்களையும் அந்த ஒரே தராசில் நிறுப்பதா என்பதை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

நில ஆவணங்களைச் சங்கிலியில் ஏற்றுமுன் ஓர் எச்சரிக்கை. ஆள்மாறாட்டத்தில் பதிவான பத்திரத்தை அப்படியே ஏற்றினால், அது அழிக்க முடியாத பொய்யாகிவிடும். எனவே பட்டா, வில்லங்கம், கள அளவு மூன்றும் ஒத்துப்போகும் சொத்துகளை மட்டும் முதலில் ஏற்றி, நீதிமன்றம் ரத்து செய்யும் பத்திரங்களுக்கான ரத்துப் பதிவு எவ்வளவு நாளில், யாரால் சேர்க்கப்படும் என்பதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். எந்தக் கணு யார் பொறுப்பில் இருக்கிறது என்ற பட்டியலையும் அமைச்சகம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை எழுத்தர்,
கும்பகோணம்.