முதல் பக்கத்தில் அவர் பெயர் வரட்டும்: ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக் குடும்பத்தின் ஒன்றுகூடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குடும்ப வரலாற்றுப் புத்தகத்தின் கைப்படியை அனுப்பியதற்கு நன்றி. இரண்டு முறை படித்துவிட்டேன். இத்தனை பேர் இத்தனை வருஷம் உட்கார்ந்து, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையெல்லாம் தேடிப் பிடித்து, கல்லறைக் கற்களைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இதைத் தமிழிலும் எழுதி எல்லோரும் பார்க்க வைப்பதற்குக் காரணம், என் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறது, அம்மா வழிச் சொந்தங்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான். உங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் உழுத அந்தக் குடும்பத்தின் மருமகள் நான், அது போதும்.

முதல் பக்கத்திலேயே ஒரு தவறு இருக்கிறது. நம் மூதாதை "சுதந்திரமாகக் குடியேறியவர்" என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் 1828 மக்கள்தொகைக் கணக்கு என்கிறீர்கள். அந்தக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே எஃப்.எஸ். என்று இரண்டு எழுத்து இருப்பது உண்மைதான். அதை ஃப்ரீ செட்லர் என்று படித்துவிட்டீர்கள். அப்படிப் படிப்பது ரொம்ப சகஜம், நானும் முதல் நாள் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதன் விரிவு ஃப்ரீ பை செர்விட்யூட், அதாவது பிரிட்டிஷ் அரசு இங்கே கப்பலேற்றி அனுப்பிய கைதியாக வந்து தண்டனைக் காலத்தை முழுதாகக் கழித்து விடுதலை ஆனவர். தன் விருப்பத்தில் வந்தவர்களுக்கு சி.எஃப்., இங்கேயே பிறந்தவர்களுக்கு பி.சி., தண்டனை முடியும் முன்பே தனக்கென்று வேலை செய்து பிழைக்க அனுமதிச் சீட்டு பெற்றவர்களுக்கு டி.எல். என்று தனித்தனிக் குறி உண்டு. பக்கத்துக் கட்டத்தில் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் இருக்கின்றன. அந்தக் கப்பலின் கைதிகள் பட்டியலில் அவர் இருக்கிறார். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த ஒரு கணக்கைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் முறையாக எடுத்த முதல் கணக்கு அது. ஒவ்வொருவரின் வயது, மதம், தொழில், யாரிடம் வேலை, எத்தனை ஏக்கர் நிலம், அதில் எத்தனை ஏக்கர் காடு வெட்டித் திருத்தியது, எத்தனை ஏக்கர் பயிர், குதிரை எத்தனை, மாடு எத்தனை, ஆடு எத்தனை என்று எல்லாம் இருக்கும். ஒரு விவசாயக் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. பின்னால் வந்த கணக்குகளில் ஆள்வாரியான தாள்கள் பெரும்பாலும் நமக்கு மிஞ்சவில்லை. 1882 செப்டம்பர் 22 அன்று சிட்னியின் கார்டன் பேலஸ் எரிந்தபோது முந்தின ஆண்டின் கணக்கும் அதோடு சாம்பலாகிவிட்டது. அப்புறம் வந்தவற்றிலும் ஆள்வாரித் தாள்களைப் பெரும்பாலும் அரசே அழித்துவிட்டது. அதனால் மிச்சம் இருக்கும் ஒன்றையாவது சரியாகப் படிக்க வேண்டும் இல்லையா?

சரி, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கைப்படியில் "அவருக்கு ஒரு மனைவியும் ஏழு பிள்ளைகளும் இருந்தனர்" என்று ஒரே வரி. ஏழு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது, அவர்கள் வாங்கிய நிலத்தின் அளவு இருக்கிறது, ஒரு பேரன் பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்குக்கூட பெயர் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேற்கு சிட்னியில் கிங்ஸ்வுட்டில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு வருஷம், விடுப்பு கிடைத்தபோதெல்லாம் போனேன். மைக்ரோஃபிலிம் சுற்றிச் சுற்றிக் கண் எரியும். அவர் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது, எழுதியவர் காதில் விழுந்தபடி. அயர்லாந்திலிருந்து கைதியாக வந்தவர். ஆரம்ப கால ஐரிஷ் கப்பல்கள் பலவற்றின் பட்டியல்களில் என்ன குற்றம் என்றே எழுதவில்லை, ஊரும் தண்டனைக் காலமும் மட்டும்தான், அதனால் அவர் என்ன செய்துவிட்டு இங்கே வந்தார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் கத்தோலிக்கர். 1803-இலும் 1804-இலும் கொஞ்ச காலம் ஒரு பாதிரியாரை அனுமதித்ததைத் தவிர, 1820 வரை இந்தக் காலனியில் கத்தோலிக்கக் குருமாருக்கு அனுமதியே இல்லை. ஆக, தன் மத முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு வழியே கிடையாது. 1806-இல் ஆங்கிலிகன் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் காலனியின் பெண்களையெல்லாம் பட்டியல் போட்டார். ஆங்கிலிகன் தேவாலயத்தில் மணந்திருந்தால்தான் மனைவி. கத்தோலிக்கர், யூதர் செய்துகொண்ட கல்யாணமெல்லாம் அவர் கணக்கில் கல்யாணமே இல்லை. அந்தப் பட்டியலில் நம் குடும்பத்தின் தாய்க்கு நேரே எழுதியிருக்கும் சொல் வைப்பாட்டி.

அந்தத் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கார் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருக்கு மூன்று குழந்தைகள். அந்த வருஷம் மார்ச்சில்தான் ஹாக்ஸ்பரியில் பெருவெள்ளம், கோதுமைப் போரெல்லாம் ஆற்றோடு போனது, காலனியே பசியில் கிடந்தது. வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறிய நிலத்தில் மறுபடி மக்காச்சோளம் ஊன்றியவரை ஒரு பாதிரியார் அந்தச் சொல்லால் எழுதி வைத்தார், இருநூறு வருஷம் கழித்து நாம் அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டுப் பெயரையும் எடுத்துவிட்டோம். 1820-க்குப் பிறகு, குருமார் வந்ததும், மூத்த மகளுக்கே கல்யாணம் ஆகியிருந்த நேரத்தில், இருவரும் போய் முறைப்படி மணந்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

அவர் இறந்ததற்குச் சான்றிதழ் கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் அரசாங்கப் பதிவு 1856 மார்ச்சில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு இறந்தவர்களின் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர், காலனியில் எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்பது வரை கேட்டு எழுதினார்கள். அவர் அதற்கு முன்பே போய்விட்டார். தேவாலய அடக்கப் பதிவில் பெயர், வயது, தேதி, அவ்வளவுதான்.

இது உங்கள் குடும்பத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஆடி அமாவாசையன்று ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா தாத்தா பெயர்களைக் கடகடவென்று சொல்வார், கொள்ளுப்பாட்டி பெயர் வரும்போது நின்றுவிடுவார். பக்கத்தில் இருக்கும் அத்தை எடுத்துக் கொடுப்பார். அத்தை போன பிறகு எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அந்தப் பயம்தான் என்னைக் கிங்ஸ்வுட்டுக்கு அனுப்பியது என்று நினைக்கிறேன்.

"பழசையெல்லாம் ஏன் கிளற வேண்டும்" என்று உங்களில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் தலைமுறையில் கைதியின் வாரிசு என்பது வெளியே சொல்லக்கூடாத கறை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நாட்டு விவசாயத்தின் கதையே கைதிகளிடம்தான் தொடங்குகிறது. ஜேம்ஸ் ரூஸ் கார்ன்வாலில் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டு 1788-இல் முதல் கப்பல் கூட்டத்தோடு வந்தவர். மறு வருஷம் பாரமட்டாவில் அவருக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்து, இங்கே ஒரு ஆள் உழுது பிழைக்க முடியுமா என்று ஆளுநர் ஃபிலிப் பார்த்தார். பிழைத்துக் காட்டினார், 1791-இல் 30 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது, காலனியில் கொடுத்த முதல் பட்டாவே அதுதான். அவர் மனைவி எலிசபெத் பெரியும் கைதியாகக் கப்பலேறியவர்தான். இரண்டு பேர் பெயரும் வெளிப்படையாக எழுதப்படுகிறது, யாருக்கும் அதில் குறைச்சல் இல்லை. 1794-இல் ஹாக்ஸ்பரிக் கரையில் முதலில் இறங்கிய குடும்பங்களில் ரூஸ் குடும்பமும் ஒன்று. நம் மூதாதையர் அவர்களுக்கு ஏதோ ஒரு வளைவு தள்ளி உழுதவர்கள்.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நிலம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கேயும் பழைய பத்திர முறையில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என்று பிடித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும், 1863-இல் டாரன்ஸ் என்ற நிலப் பதிவு முறை வந்த பிறகுதான் ஒரே சான்றில் எல்லாம் வந்தது. நான் அப்படியே பின்னால் போனேன். பாரிஷ் என்ற நிலப்பிரிவின் பழைய வரைபடத்தில் ஆற்றின் வளைவில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் நம் மூதாதையின் பெயர். விடுதலையான கைதிக்கு 30 ஏக்கர், கல்யாணம் ஆகியிருந்தால் இன்னும் 20, பிள்ளைக்குப் பத்து என்பது விதி. அதற்கு முன்னால் வில்லங்கம் போனால் காகிதம் இல்லை, ஆனால் மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான தாருக் மக்கள் ஹாக்ஸ்பரி ஆற்றை இப்போதும் தியாரப்பின் என்கிறார்கள். அந்தக் கரை வண்டல் அவர்களுடைய வள்ளிக்கிழங்கு நிலம். குடியேறிகள் கிழங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சோளம் போட்டார்கள், சோளம் விளைந்ததும் தாருக் மக்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததை எடுக்க வந்தார்கள், வந்தவர்களைக் குடியேறிகள் சுட்டார்கள். 1795-இல் படையையே அனுப்பினார்கள். 1799-இல் இரண்டு தாருக் சிறுவர்களைக் கொன்றதற்காக ஐந்து குடியேறிகள் மேல் வழக்கு நடந்து குற்றம் நிரூபணமானது, ஆனாலும் தண்டனை இல்லை, லண்டனிலிருந்து மன்னிப்பு வந்தது. அந்த ஐவரில் நம் மூதாதை இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் அதே கரையில், அதே வருஷங்களில் இருந்தார். கைப்படியில் "ஆளில்லாத காட்டைத் திருத்தினார்" என்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். என் பிள்ளைகள் அதை உண்மை என்று படிக்கக் கூடாது. தாருக் குடும்பங்கள் இன்றைக்கும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். அந்த அத்தியாயத்தை அச்சுக்கு முன் அவர்களில் பெரியவர்களிடம் காட்டிப் பேசலாம் என்பது என் விருப்பம்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. 1828 கணக்கில், கைதியாக வந்த நம் மூதாதையின் பண்ணையிலேயே இரண்டு கைதிகள் ஒதுக்கப்பட்டு வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் பெயரும் புத்தகத்தில் வரட்டும். வேலி போட்டதும் மரம் வெட்டியதும் பாதி அவர்கள் கைதான்.

சின்னதாக ஒரு சந்தோஷமும் உண்டு. தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பான ட்ரோவில் பழைய செய்தித்தாள்களைத் துழாவிக்கொண்டிருந்தபோது, நம் குடும்பத்துக் குதிரைகளை ஒரு ஏற்றுமதி வியாபாரி வாங்கிய செய்தி கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸ் குதிரைகளை அப்போது வேலர் என்பார்கள், பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் கப்பலில் போகும். அந்தச் செய்தியில் போய்ச் சேரும் துறைமுகம் என்று போட்டிருந்தது மெட்ராஸ். உங்கள் குடும்பத்துக் குதிரை என் ஊர்ப் பக்கம் எனக்கு முன்னால் போய் இறங்கியிருக்கிறது என்று என் கணவரை எழுப்பிச் சொன்னேன்.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான். இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தைப் பார்த்து எழுதிய இடங்களில், ஆவணம் எது என்று ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு கொடுங்கள். கைப்படியில் அதே பெயருள்ள வேறொருவரின் கப்பல் ஒரு இடத்தில் நுழைந்திருக்கிறது, பக்கத்தைக் குறித்து அனுப்பியிருக்கிறேன். பண்ணை விற்றுப் போகும்போது பழைய பெட்டிகளைக் குப்பையில் போடாமல் ஊர் வரலாற்றுக் கழகத்திடமாவது கொடுக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதுங்கள், போன வருஷம் ஒரு வீட்டில் கணக்குப் புத்தகங்கள் எரிந்தே போயின. முதல் பக்கத்தைத் திருத்துங்கள், அவரையும் அவரோடு கூட நின்றவரையும் இரண்டு கைதிகளாகவே, இரண்டு பெயராகவே எழுதுங்கள்.

கிங்ஸ்வுட்டில் எடுத்த நகல்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மாமியார் வீட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், டீயும் உண்டு. அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது முதலில் உங்கள் புத்தகத்தில் வர வேண்டும். மூன்று எழுத்துக்கூட்டலில் எதைப் போடுவது என்று ஒன்றுகூடல் அன்றைக்குக் கூடிப் பேசி முடிவு செய்யலாம். மூன்றையும் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்